உங்கள் நாய்க்கு நீலமும் மஞ்சளும் பிரித்துத் தெரிகிறதா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

எங்கள் வீட்டுச் செவலைக்கு ஒரு சிவப்பு ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்தேன். புல்லில் எறிந்தால் எனக்குப் பளிச்சென்று தெரியும். அவளோ பந்தை ஒட்டியே ஓடிப்போய், தாண்டி, திரும்பி வந்து மூக்கால் தேடிக்கொண்டிருப்பாள். வயசாகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, பந்தை என் கண்ணுக்குப் பிடித்த மாதிரி வாங்கியிருக்கிறேன்.

நாய்க்கு எல்லாமே கறுப்பு வெள்ளைதான் என்று இன்னமும் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் நம் விழித்திரையில் மூன்று வகை, நாய்க்கு இரண்டு வகை. 1989-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஜே நைட்ஸும் அவரது குழுவினரும் மூன்று நாய்களுக்கு இதைச் சோதித்தார்கள். மூன்று பலகைகளில் ஒளி விழும்; நிறம் மாறியிருக்கும் பலகையை மூக்கால் தொட்டால் தீனி. நாயின் ஒரு கூம்பு வகை சுமார் 429 நானோமீட்டர் அலைநீள ஒளிக்கும் (ஊதா கலந்த நீலம்) இன்னொன்று சுமார் 555 நானோமீட்டர் ஒளிக்கும் (மஞ்சள் கலந்த பச்சை) அதிகம் தூண்டப்படுகிறது என்று தெரிந்தது. 480-ஐ ஒட்டிய நீலப்பச்சையை வெள்ளை ஒளியிலிருந்து அவற்றால் பிரிக்க முடியவில்லை.

நம் பாஷையில் சொன்னால், நீலமும் ஊதாவும் நாய்க்கு நீலம்தான். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு மூன்றும் மஞ்சளில் ஏதோ ஒரு சாயல். சிவப்பு மங்கிப்போன பழுப்பு. என் பந்தும் புல்லும் செவலைக்கு ஒரே குடும்பம்.

சரி, சோதனைக்கு வருவோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாய் நீலத்தை விட்டு மஞ்சளிடம் போனால், நிறத்தைப் பார்த்துப் போனதா, 'வெளிச்சமாக இருப்பது எது' என்று பார்த்துப் போனதா? இதற்கு 2013-இல் மாஸ்கோ ஆய்வாளர்கள் ஒரு அழகான வழியைக் கையாண்டார்கள். பழக்கும்போது ஒரு நிறம் அடர்த்தி, மற்றது வெளிர். சோதிக்கும்போது அடர்த்தியை அப்படியே மாற்றிவிடுவது. அதையே வீட்டுக்கு ஏற்ற மாதிரி செய்யப்போகிறோம்.

வேண்டியவை

மூடியுள்ள ஒரே மாதிரி பிளாஸ்டிக் டப்பா இரண்டு. வழுவழுப்பில்லாத சார்ட் பேப்பர் நான்கு: வெளிர் நீலம், அடர் நீலம், வெளிர் மஞ்சள், கடுகு மாதிரியான அடர் மஞ்சள். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டுகள், சுண்டுவிரல் நகம் அளவுக்கு. வெங்காயம் சேர்த்து வேகவைத்தது வேண்டாம், நாய்க்கு ஆகாது. துணைக்கு ஒரு ஆள்.

1. பேப்பரைச் சரிபாருங்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மொபைலில் படமெடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அதில் வெளிர் நீலம் அடர் மஞ்சளைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். வெளிர் மஞ்சள் அடர் நீலத்தைவிட வெளுப்பாக இருக்க வேண்டும். முதலாவதில்தான் கடைகளில் தடுமாறுவீர்கள். மஞ்சள் என்றாலே பளபளவென்று கொடுப்பார்கள்.

2. வாசனையைச் சமப்படுத்துங்கள். இரண்டு மூடியிலும் நாலைந்து ஓட்டை போட்டு, இரண்டு டப்பாவிலும் கோழி வையுங்கள். ஒன்றின் மூடியை இறுக்கி அழுத்துங்கள், மற்றதைச் சும்மா மேலே வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் சோதிப்பது மூக்கை, கண்ணை அல்ல. டப்பாக்களையும் அவ்வப்போது இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

3. பழக்குங்கள். டப்பாக்களை ஒரு முழ இடைவெளியில் வைத்து, ஒன்றின் முன்னால் அடர் மஞ்சள், மற்றதன் முன்னால் வெளிர் நீலம். மஞ்சளுக்குப் பின்னால் இருப்பதுதான் திறக்கும். நாயை இரண்டு மீட்டர் தள்ளிப் பிடித்திருந்து விடுங்கள். மூக்கு முதலில் எதில் படுகிறதோ அதுதான் பதில். தவறாகத் தொட்டால் இரண்டையும் எடுத்துவிடுங்கள், இரண்டாம் வாய்ப்பு கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னால், நாளைக்குப் பத்துச் சுற்று போதும். இடமா வலமா என்பதை முந்தின நாளே காசு சுண்டி எழுதிவையுங்கள்.

செவலை முதல் நான்கு நாளும் வலது பக்கமே போனாள். நிறம் தெரியவில்லை என்று கைவிடப் பார்த்தேன். வலது பக்கம் சமையலறைக் கதவு! கூடத்திலிருந்து திண்ணைக்கு மாற்றியதும் சரியானது. திண்ணையில் இன்னொரு லாபம், காலை நிழல். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நீலமே சாம்பலடித்துத் தெரியும். அங்கே வைத்து நாயைக் குறை சொல்லிப் பயனில்லை.

4. உங்கள் முகத்தை மறையுங்கள். பெர்லினில் கணக்குப் போடும் குதிரை என்று ஹான்ஸ் என்ற குதிரை ஊரையே வியக்க வைத்தது. கேள்வி கேட்பவரின் தலையசைவைப் பார்த்துத்தான் அது குளம்பைத் தட்டுவதை நிறுத்துகிறது என்று 1907-இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் காட்டினார். நாய் குதிரைக்குச் சளைத்ததல்ல. அதனால் டப்பா வைப்பவர் வைத்துவிட்டு உள்ளே போய்விட வேண்டும். நாயைப் பிடித்திருப்பவர் டப்பா வைக்கும்போது திரும்பிக்கொள்ள வேண்டும், விடும்போதும் முற்றத்துத் தென்னையைப் பார்த்துக்கொண்டு விட வேண்டும்.

5. மாற்றிப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு நாள் பத்துக்குக் குறைந்தது எட்டு தடவை சரியாகத் தொட்டால் பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது வெளிர் மஞ்சளும் அடர் நீலமும் வையுங்கள். இந்தத் தடவை இரண்டு மூடியும் தளர்வாகவே இருக்கட்டும், எதைத் தொட்டாலும் தீனி. இல்லையென்றால் புதிதாகப் பாடம் நடத்தியது போலாகிவிடும். இரண்டு நாளில் இருபது சுற்று.

இருபதில் பதினைந்தோ அதற்கு மேலோ மஞ்சளிடம் போனால் நிறத்தைப் பார்த்துத்தான் போகிறது. குருட்டாம்போக்கில் பதினைந்து அல்லது அதற்கு மேல் விழ நூற்றில் இரண்டு வாய்ப்புதான். பதினைந்தோ அதற்கு மேலோ அடர் நீலத்திடம் போனால் அது வெளிச்சத்தைத்தான் கற்றிருக்கிறது. பத்தை ஒட்டி வந்தால் குழம்பியிருக்கிறது, ஒரு வாரம் விட்டுத் தொடங்குங்கள். மாஸ்கோவில் பெரும்பாலான நாய்கள் நிறத்தையே பிடித்துக்கொண்டன. செவலை இருபதுக்குப் பதினேழு.

இதே முறையில் சிவப்பையும் பச்சையையும் வைத்துப் பார்த்தேன். பழக்கும்போது அடர் சிவப்பை நன்றாகவே கற்றாள். அடர்த்தியை மாற்றியதும் நேராக அடர் பச்சையிடம் போய் நின்றாள், இருபதில் பதினாறு தடவை. அவள் கற்றிருந்தது 'இருட்டாக இருப்பது' என்பதை மட்டும்தான்.

புல்லில் விளையாட இப்போது நீலப் பந்து வாங்கியிருக்கிறேன். மஞ்சளும் அவளுக்குத் தெரியும், ஆனால் புல்லே மஞ்சளாகத் தெரியும் கண்ணுக்கு மஞ்சள் பந்து எதற்கு? சிவப்புப் பந்து பக்கத்து வீட்டுப் பையனின் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.