குழந்தைக்கு ஒரு குரோஷே போர்வை, ஒரே சதுரமாக

அக்கா மகளுக்கு நான் முதலில் பின்னிய போர்வை பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் பூப்பூவாகப் பெரிய ஓட்டைகள், அதில் குழந்தையின் கால்விரல் மாட்டி வீறிட்டு அழுதாள். அன்றிலிருந்து கைக்குழந்தைக்கு என்றால் ஓட்டை சின்னதாக வரும் இந்தச் சதுரத்தைத்தான் பின்னுகிறேன். நடுவில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வளர்ப்பதால் துண்டுகளை இணைக்கும் வேலை இல்லை.

நூல் பருத்தியாக இருக்கட்டும். கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் நூலைத்தான் எடுத்துத் தருவார்கள், அது ஊட்டிக் குளிருக்குச் சரி, சென்னையில் குழந்தைக்கு வேர்த்துக் கொட்டும். புசுபுசுவென்று முடி உதிரும் நூலும் ஜரிகை நூலும் வேண்டவே வேண்டாம், எல்லாம் வாய்க்குத்தான் போகும். 8 ப்ளை நூல் (ப்ளை என்பது நூலின் தடிமன் அளவு), 4 மில்லிமீட்டர் குரோஷே கொக்கி ஊசி. 75 சென்டிமீட்டர் சதுரத்துக்கு 400 முதல் 450 கிராம் வரை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள், லேபிளில் உள்ள சாய எண் எல்லா உருண்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பாதியில் நிறம் மாறிக் கோடு தெரியும்.

சரி, பின்னலாம். 4 சங்கிலி போட்டு, ஸ்லிப் ஸ்டிச்சால் (நூலை நேராக உள்ளே இழுத்து இணைக்கும் தட்டையான தையல்) வளையமாக இணையுங்கள். 3 சங்கிலி (இது ஒரு டபுள் குரோஷேவுக்கு, அதாவது ஊசியில் நூலை ஒருமுறை சுற்றிக்கொண்டு போடும் உயரமான தையலுக்கு, சமம்), வளையத்துக்குள் 2 டபுள் குரோஷே, மூலைக்கு 2 சங்கிலி. பிறகு '3 டபுள் குரோஷே, 2 சங்கிலி' என்று மூன்று முறை, தொடக்கத்துச் சங்கிலியின் உச்சியில் இணைத்தால் நான்கு மூலை வந்துவிடும். நான் சொல்வது அமெரிக்கப் பெயர், பிரிட்டிஷ் குறிப்புகளில் இதே தையலை ட்ரெபிள் என்பார்கள்.

இரண்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு மூலையிலும் 3 டபுள் குரோஷே, 2 சங்கிலி, மறுபடி அதே இடத்தில் 3 டபுள் குரோஷே. மூன்றாம் சுற்றிலிருந்து பக்கவாட்டில் இரண்டு கொத்துக்கு (3 டபுள் குரோஷே சேர்ந்தது ஒரு கொத்து) நடுவே இருக்கும் ஒவ்வொரு சந்திலும் மூன்று மூன்று டபுள் குரோஷேவாக. கொத்துகளுக்கு இடையே ஒரு சங்கிலி போடச் சொல்வார்கள், நான் போடுவதில்லை, விரல் மாட்டும் ஓட்டையே அந்தச் சங்கிலியால்தான் வருகிறது.

இனி முக்கியமான ஒன்று. ஒரே திசையில் பின்னிக்கொண்டே போனால் பத்துப் பதினைந்து சுற்றுக்கு மேல் சதுரம் முறுக்கிக்கொண்டு சாயும். அதனால் ஒவ்வொரு சுற்றையும் இணைத்ததும் பின்னலை மறுபக்கம் திருப்பி, பக்கத்திலேயே இருக்கும் சந்துக்கு ஒரு ஸ்லிப் ஸ்டிச்சில் நகர்ந்து அடுத்த சுற்றைத் தொடங்குங்கள், மூலையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. எண்ணிக்கை தவறியதா என்று பார்ப்பதும் சுலபம், 12ஆவது சுற்றில் ஒவ்வொரு பக்கமும் 12 கொத்து இருக்க வேண்டும். சுமார் 35 சுற்றில் அளவு வந்துவிடும், கை இறுக்கமென்றால் இன்னும் ஓரிரண்டு கூடும்.

கடைசியாக ஓரம் முழுக்க ஒரு சுற்று சிங்கிள் குரோஷே (ஊசியில் நூலைச் சுற்றிக்கொள்ளாமல் போடும் குட்டைத் தையல்), மூலையில் மட்டும் மூன்று. குஞ்சம் வைக்காதீர்கள். நூல் முனையை 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, மழுங்கிய ஊசியால் முன்னும் பின்னுமாக உள்ளே கோத்து விடுங்கள், வெறும் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

கொடுக்கும் முன் ஒருமுறை அலசி நிழலில் தட்டையாக விரித்துக் காயவையுங்கள், ஈரப் பருத்தியைக் கொடியில் தொங்கவிட்டால் இழுத்துக்கொண்டு நீண்டுவிடும். இது மடியில் போட்டுக்கொள்ளவும் தரையில் விரிக்கவும்தான், ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தைமேல் எந்தப் போர்வையும் போட வேண்டாம் என்பதைக் குழந்தையின் அம்மாவிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்புறம், மிச்ச நூலில் ஒரு சின்ன உருண்டையையும் சேர்த்துக் கொடுங்கள், எங்காவது இழை அறுந்தால் அதே நிறத்தில் சரிசெய்துகொள்ளலாம்.