டிக்கன்ஸின் அப்பா பட்ட கடனும் என் இங்கிலிஸ் கொப்பியும்

ஏ.எல் எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருந்த மாதங்களில் இங்கிலிஸ் அகராதியை முதல் பக்கத்திலிருந்து பாடமாக்கத் தொடங்கினேன். நாளுக்குப் பத்துச் சொல் என்று கணக்கு. 'அபண்டன்', 'அபேஸ்', 'அபேட்' என்று போனது, 'ஏ' எழுத்தையே தாண்டவில்லை. 'அபண்டன்' என்றால் கைவிடுதல். அந்தச் சொல்லை மட்டும் செய்துகாட்டிப் படித்தேன்.

இப்போது கிளிநொச்சிப் பக்கம் பின்னேர ரியூசனில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலிஸ் எடுக்கிறேன். "ரீச்சர், கஷ்டமான சொல்லுகள் ஒரு நூறு எழுதித் தாங்கோ" என்று வந்து நிற்பார்கள். தரமாட்டேன். அதற்குப் பதிலாக ஒரு ஆளைத் தருவேன்: சார்ள்ஸ் டிக்கன்ஸ், 1812இல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்த நாவலாசிரியர். நாவல்களை அல்ல, ஆளைத்தான். நாவலைக் கையில் கொடுத்தால் மூன்றாம் பக்கத்தில் பிள்ளை நித்திரையாகிவிடும். ஒரு மனிதருக்கு என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினால் அடுத்தது என்ன என்று காது தானாக நீளும், சொல்லும் அந்தச் சம்பவத்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

டிக்கன்ஸை ஏன் பிடித்தேன் என்றால், அவருடைய கதை எங்களுக்குப் புதிதே இல்லை. கடன், அடைவு கடை, படிப்பை விட்டு வேலைக்குப் போன பிள்ளை. எங்கள் ஊரில் இங்கிலிஸ் முதலில் வந்ததும் புத்தகத்தில் அல்ல, நிவாரண அட்டையிலும் தறப்பாளிலும்தான். 'டிஸ்பிளேஸ்ட்' (இடம்பெயர்ந்தவர்), 'வல்னரபிள்' (எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்), 'பெனிஃபிஷரி' (பயனாளி) எல்லாவற்றையும் கருத்துத் தெரியமுன்னமே படிவத்தில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

சரி, செய்யும் முறை. ஒரு கொப்பி எடுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று வரி. முதல் வரியில் சொல்லும் கருத்தும். இரண்டாவதில் அந்தச் சொல் டிக்கன்ஸின் வாழ்க்கையில் எங்கே வருகிறது என்று இங்கிலிஸில் ஒரு வசனம். மூன்றாவதில் அதே சொல்லை உங்கள் வீட்டுக்கோ ஊருக்கோ கொண்டுவந்து இன்னொரு வசனம். ஒரு இருப்பில் ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். நான் இங்கே ஒலியைத் தமிழில் எழுதுகிறேன், எழுத்துக்கூட்டலை நீங்களே தேடி எழுதுங்கள், தேடும்போதே பாதி மனதில் ஏறிவிடும்.

1824ஆம் ஆண்டில் தொடங்குங்கள். அப்பா ஜோன் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் எழுதுவினைஞர். நல்ல மனிதர், ஆனால் வரவைப் பார்த்துச் செலவழிக்கத் தெரியாதவர், அதற்குச் சொல் 'இம்புரொவிடன்ட்'. பேக்கரிக்காரருக்குக் கொடுக்கவேண்டிய 40 பவுண் சொச்சத்துக்காக அவரை மார்ஷல்சீ என்ற கடன்பட்டவர்களுக்கான சிறையில் போட்டார்கள். கடன்பட்டவர் 'டெட்டர்'. எழுதும்போது நடுவில் ஒரு 'பி' வரும், சொல்லும்போது வராது. குழுக்கடனுக்குப் பிணை நின்ற ஆளைப்போல அது பேசாமல் நிற்கும். பழைய இங்கிலிஸில் அந்த எழுத்தே இருக்கவில்லை, லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் பிறகு செருகியது.

கடனைக் கட்ட முடியாத நிலைக்கு 'இன்சொல்வன்ட்'. இதை மறக்கவே முடியாது. கையில் காசில்லை, கடன் தந்தவருக்குக் கொடுக்க இன்சொல் மட்டும்தான் மிச்சம், அவர்தான் இன்சொல்வன்ட். ஏறக்குறைய மூன்று மாதத்துக்குப் பிறகு அப்பா வெளியே வந்ததும் இன்சொல்வன்ட் டெட்டர்களுக்கான சட்டத்தின் கீழ்தான். அதனால் இரண்டு சொல்லையும் ஒரே வசனத்தில் கட்டிவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு மாணவி எழுதிய மூன்றாவது வரியைச் சொல்லவேண்டும். வியாழக்கிழமைகளில் என் அம்மா ஒரு டெட்டர், மற்ற நாட்களில் அவர் கோழி வளர்ப்பவர் என்று இங்கிலிஸில் எழுதியிருந்தாள். வியாழன்தான் கடன் சேர்க்க ஆள் வரும் நாள். இலக்கணப்பிழை ஒன்று இருந்தது, அன்றைக்கு நான் திருத்தவில்லை.

குடும்பம் சிறைக்குள் போய் இருக்க, 12 வயதுப் பையன் வெளியே சப்பாத்து மை செய்யும் இடத்தில் வேலை செய்தான். மைச்சாடியின் வாயை எண்ணெய்த்தாளால் மூடி, மேலே நீலத்தாள் வைத்து, நூலால் கட்டி, ஓரத்தை வெட்டி, லேபிள் ஒட்டவேண்டும். நாள் முழுக்க அதேதான். கிழமைக்கு 6 அல்லது 7 ஷில்லிங். அலுப்பூட்டும் மாட்டு வேலைக்கு 'டிரட்ஜரி', காணாத கூலிக்கு 'மீகர்', தலைகுனிவுக்கு 'ஹியுமிலியேஷன்'. மூன்றையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள், அந்த மைச்சாடி ஒன்றில் மூன்றும் இருக்கின்றன.

அப்பா வெளியே வந்த பிறகும் பையன் அதே வேலையில் இருந்தான். பிறகு ஒரு சண்டையால் அப்பா அவனை நிறுத்தியபோது, திரும்ப அனுப்பத்தான் வேண்டும் என்று நின்றவர் அம்மா. டிக்கன்ஸ் பெரியவரான பிறகு தன் நண்பர் ஜோன் ஃபோஸ்டருக்கு எழுதிக்கொடுத்த குறிப்பில், அதைத் தான் மறக்கவில்லை, மறக்கப்போவதில்லை, மறக்கவும் முடியாது என்று ஒரே வினையை மூன்று விதமாக மாற்றி எழுதுகிறார். அம்மா அதில் 'வோர்ம்' ஆக இருந்தாராம். இளஞ்சூடு என்று எல்லாருக்கும் தெரிந்த அதே சொல்தான். இங்கே கருத்து, முனைப்பாக நின்றார் என்பது. கஷ்டமான சொல் என்றால் நீளமான சொல் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுவேன். மனதில் வைத்திருந்த அந்தக் கோபத்துக்குப் பெயர் 'ரிசென்ட்மென்ட்'.

அதற்குப் பிறகு வேகமாகப் போகலாம். சுருக்கெழுத்துப் பழகி, பாராளுமன்றச் செய்தியாளராகி, 1836இலிருந்து நாவலை மாதாமாதம் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஒவ்வொரு பகுதியும் ஒரு 'இன்ஸ்டோல்மென்ட்'. லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்த வீட்டில் இந்தச் சொல்லை விளக்கவேண்டியதில்லை. முடிக்காததையும் சேர்த்து 15 நாவல், பிள்ளைகள் 10 பேர். ஏராளமாகப் படைப்பவருக்குச் சொல் 'புரொலிஃபிக்', அது இரண்டுக்கும் பொருந்தும்.

அப்புறம் நாவலில் ஒரு அத்தியாயம் மட்டும் படியுங்கள்: 'டேவிட் கொப்பர்ஃபீல்ட்' பதினோராவது. குட்டன்பேர்க் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கிறது, டேட்டா இருக்கும் நேரத்தில் ஃபோனில் இறக்கி வையுங்கள். அதில் வரும் மிக்கோபர் டிக்கன்ஸின் அப்பாவையே வைத்துச் செய்த பாத்திரம். கோயில் திருவிழா மேடையில் மைக்கை விடாத எங்கள் ஊர்ப் பெரியவரைப்போல நீட்டி முழக்குவார், பிறகு 'இன் ஷோர்ட்', அதாவது சுருக்கமாகச் சொன்னால், என்று சொல்லிவிட்டுச் சாதாரண இங்கிலிஸில் விஷயத்தை வைப்பார். டேவிட்டைச் சந்தித்தவுடன் 'பெரெகிரினேஷன்' (அலைந்து திரிதல்), 'மெட்ரொபொலிஸ்' (மாநகரம்), 'ஆர்க்கானா' (மறைபொருள்கள்) என்று அடுக்கி மூச்சுவிட்டு, இன் ஷோர்ட், வழிதவறிப் போய்விடுவாய் என்கிறார். கஷ்டமான சொல்லும் கருத்தும் பக்கத்தில் பக்கத்தில், அகராதி பேசுகிற மாதிரி. ஆனால் அவர் பேசுகிற எல்லாவற்றையும் வேலை விண்ணப்பத்தில் போட்டுவிடாதீர்கள். 'மெட்ரொபொலிஸ்', 'இன்சொல்வன்ட்' இன்றைய பத்திரிகையிலும் வரும். 'பெரெகிரினேஷன்' என்று நேர்முகத்தேர்வில் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரிப்பார்.

இன்னொரு சம்பவத்தையும் விடவேண்டாம். 1865 ஜூன் 9, ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற இடத்தில் அவர் போன ரயில் தடம்புரண்டது. காயப்பட்டவர்களுக்கு உதவிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த பெட்டிக்குள் திரும்ப ஏறிக் கையெழுத்துப் பிரதியை எடுத்துவந்தார். அதன் பிறகு ரயில் என்றாலே அவருக்கு நடுக்கம். இப்படியான அனுபவத்துக்கு 'ஹரோயிங்' என்பார்கள். 'ஹரோ' என்பது உழுத வயலில் கட்டி உடைக்க இழுக்கிற பல்லுவைத்த கருவி. அது நெஞ்சின் மேல் போனால் எப்படி இருக்குமோ அப்படி. வயல்காரப் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை ஒருமுறை சொன்னால் போதும், மூன்றாவது வரியை எழுதச் சொன்னால் வகுப்பு கொஞ்சநேரம் அமைதியாகிவிடும். எழுத விரும்பாதவர்களை நான் வற்புறுத்துவதில்லை.

அந்த விபத்து நடந்து சரியாக ஐந்து வருடம், 1870 ஜூன் 9, டிக்கன்ஸ் இறந்தார். கடைசி நாவல் 'த மிஸ்ட்ரி ஒஃப் எட்வின் ட்ரூட்' என்ற மர்மக்கதை, 12 பகுதியாக வரவேண்டியது, 6 பகுதியோடு நின்றுவிட்டது. கொப்பி நிரம்பியதும் அந்தக் கதையின் சுருக்கத்தை வாசித்துவிட்டு, சேர்த்த சொற்களில் பத்தையாவது போட்டு முடிவை நீங்களே ஒரு பக்கத்தில் இங்கிலிஸில் எழுதுங்கள். முடிவு பிழை என்று ஒரு ரீச்சரும் சிவப்புப் பேனையால் கோடு போட முடியாது.