வெள்ளை அட்டையா, நீல அட்டையா?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அரசு வேலையிலிருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: "சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்க அரசு பாஸ்போர்ட் தருவார்களா?" தர மாட்டார்கள். வெள்ளை அட்டை பாஸ்போர்ட், அரசே பணி நிமித்தம் அனுப்பும் பயணத்துக்கு மட்டும். சொந்தப் பயணத்துக்கு எல்லோரும் வாங்கும் நீல அட்டை பாஸ்போர்ட்தான்.

அதற்கும் அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். விண்ணப்பிக்கப் போவதாக மேலதிகாரிக்கு முன்னறிவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு, அதன் நகலை விண்ணப்பத்துடன் வைக்கலாம். நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாடு செல்வதற்கான விடுப்பு அனுமதி தனி, அதை மறந்துவிடாதீர்கள்.

உண்மையான தலைவலி இனிஷியல். கேரளத்தில் பெயருக்குப் பின்னால் 'எம்' என்று ஒற்றை எழுத்தோடு நிறுத்திவிடுகிறோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அதை விரித்து, அப்பா பெயரை முழுதாக எழுத வேண்டும். என் அக்காவுக்குப் பணிப் பதிவேட்டில் 'எம்', ஆதாரில் 'மாரிமுத்து'. கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பாலக்காட்டுக்கு மூன்று முறை பஸ் ஏறினார். முதலில் ஆதாரையும் பள்ளிச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.