குளத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறது? செய்மதிப் படத்தை வைத்துக் கணக்குப் போடுவோம்

சோளகம் அடிக்கத் தொடங்கிவிட்டால் வன்னிக் குளங்கள் இறங்குவது கண்ணுக்கே தெரியும். துருசு (மதகு) திறந்து விட்ட தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது, காற்றோடு போனதுக்குப் பெரும்பாலும் இல்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் பேசும்போது அந்தக் கணக்கும் மேசையில் இருக்க வேண்டும். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை எடுத்துக்கொள்வோம், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எதுக்கும் இதே வழிதான், தரவு முழுக்க இலவசம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள்: எந்தச் செய்மதியும் ஆவியாதலை நேரடியாக அளப்பதில்லை. அது அளப்பது நீரின் மேற்பரப்பிலிருந்து வரும் வெப்பக் கதிர்வீச்சை, அதிலிருந்து வெப்பநிலை கிடைக்கும், மிச்சத்தை நாம் காற்றையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சரி, படம் எடுப்போம். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த் எக்ஸ்புளோரர் இணையத்தளத்தில் கணக்குத் திறந்து, இரணைமடுவைச் சுற்றிக் கட்டம் போட்டு, லாண்ட்சாட் 8, 9 என்ற செய்மதிகள் இரண்டிலும் 'கலெக்சன் 2, லெவல் 2' தரவைத் தேடுங்கள். இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை வரும், நம் பக்கம் காலை பத்தே கால், பத்தரை போலக் கடக்கும். முகில் குறைந்த படமாகப் பார்த்து, அதில் பட்டை 10இன் மேற்பரப்பு வெப்பநிலைக் கோப்பையும் முகில் காட்டும் தரக் கோப்பையும் இறக்குங்கள்.

கியூஜிஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்தால் 44800 போன்ற எண்கள் தெரியும், பயப்படாதீர்கள். அதை 0.00341802ஆல் பெருக்கி 149ஐக் கூட்டினால் கெல்வின், அதிலிருந்து 273.15ஐக் கழித்தால் செல்சியஸ். 44800 என்பது கிட்டத்தட்ட 29 பாகை.

அடுத்ததுதான் கவனம் தேவையான இடம். படம் 30 மீற்றர் கட்டங்களாக வந்தாலும் வெப்ப உணரி உண்மையில் பார்ப்பது 100 மீற்றர் அகலத்தை. அதனால் கரையோரக் கட்டங்களில் சூடான மணலும் பற்றையும் கலந்து வெப்பநிலை கூடிக் காட்டும். கரையிலிருந்து 200 மீற்றர் உள்ளே தள்ளிக் கோடு போட்டு, நடுக்குளத்தின் சராசரியை மட்டும் எடுங்கள். தாமரை மூடிய பகுதியை விட்டுவிடுங்கள், அது திறந்த நீர் இல்லை. மெல்லிய முகில் இருந்தால் குளம் பொய்யாகக் குளிர்ந்து தெரியும், தரக் கோப்பைப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

அப்புறம் வளிமண்டலத் தரவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் காலநிலைத் தளத்தில் 'ஈ.ஆர்.ஏ. 5' என்ற தொகுப்பு மணிக்கு மணி கிடைக்கும்: 10 மீற்றர் உயரக் காற்று, 2 மீற்றர் உயர வெப்பநிலை, பனிபடுநிலை (காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை). அதன் நேரம் சர்வதேச நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். அதன் கட்டம் ஒவ்வொன்றும் 30 கிலோமீற்றர் அளவு அகலம் என்பதால் குளத்து வெளியில் அடிக்கும் காற்றை அது குறைத்துக் காட்டலாம்.

இனிக் கணக்கு. நீராவி அமுக்கம் கிலோபாஸ்கலில்:

0.6108 × எக்ஸ்ப்(17.27 × வெ ÷ (வெ + 237.3))

'எக்ஸ்ப்' என்பது கணிப்பானில் உள்ள அடுக்குச் சார்பு, 'வெ' செல்சியஸ் வெப்பநிலை. 'வெ' இடத்தில் நீரின் 29 பாகையைப் போட்டால் 4.006, பனிபடுநிலை 22.3ஐப் போட்டால் 2.693. வித்தியாசம் 1.31. இதை 0.622ஆல் பெருக்கி, வளியமுக்கம் 101ஆல் வகுத்தால் 0.0081, இதுதான் ஈரப்பதன் வித்தியாசம். இதோடு காற்றின் அடர்த்தி 1.15, நீருக்கும் காற்றுக்கும் இடையிலான பரிமாற்றக் குணகம் 0.0013, காற்றின் வேகம் செக்கனுக்கு 5 மீற்றர், மூன்றையும் பெருக்கினால் ஒரு சதுர மீற்றரிலிருந்து ஒரு செக்கனில் போகும் நீர் கிலோகிராமில் வரும். ஒரு நாளின் செக்கன்களான 86400ஆல் பெருக்குங்கள், ஒரு சதுர மீற்றரில் ஒரு கிலோ நீர் என்பது ஒரு மில்லிமீற்றர் உயரம்: நாளுக்கு 5.2 மில்லிமீற்றர்.

ஒரு சதுர கிலோமீற்றர் நீர்ப்பரப்புக்கு அது 5,200 கன மீற்றர், நம் குளக் கணக்கில் நாலு ஏக்கர் அடிக்குச் சற்று மேல். ஒவ்வொரு நாளும்!

காற்றோடு நேரடியாகக் கைமாறும் வெப்பத்துக்கும் இதே பெருக்கல்தான்: ஈரப்பதன் வித்தியாசத்துக்குப் பதிலாக வெப்பநிலை வித்தியாசத்தையும், கூடவே காற்றின் தன்வெப்பமான 1005ஐயும் போடுங்கள். காற்று 31 பாகை என்றால் விடை சதுர மீற்றருக்குக் கழித்தல் 15 வாட். குளம் காற்றைச் சூடாக்கவில்லை, காற்றிடமிருந்து வெப்பம் வாங்குகிறது, அந்த வெப்பமும் ஆவியாதலுக்கே செலவாகிறது.

காலை ஒரு நேரத்து எண்ணை நாள் முழுக்கப் பெருக்கியது பழகுவதற்காக மட்டும்தான். இரவில் காற்று தணியும், ஈரம் கூடும். ஆகவே நீரின் வெப்பநிலையை அப்படியே வைத்து, 24 மணிக்கும் தனித்தனியே கணக்கிட்டுச் சராசரி எடுங்கள். ஆழம் குறைந்த குளத்தில் மேற்பரப்பு பின்னேரம் இன்னும் சூடாகும் என்பதால் இதுவும் மதிப்பீடுதான். சரிபார்க்க ஒரு வழி: சதுர மீற்றருக்குச் சராசரியாக 28 வாட் வெப்பம் ஒரு நாளில் ஒரு மில்லிமீற்றரை ஆவியாக்கும். நிகரக் கதிர்வீச்சு (குளத்துக்கு வந்ததிலிருந்து திரும்பிப் போனதைக் கழித்தது) 150 வாட் உள்ள நாளில் உங்களுக்கு 9 மில்லிமீற்றர் வந்தால், முதலில் காற்றின் வேகத்தையும் கரையோரக் கட்டங்களையும் திரும்பப் பாருங்கள்.