உடைந்த மதகுக்கு அமைச்சரிடம் பதில் வாங்குவது எப்படி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊருக்குப் போகிற வீதியில், வாய்க்காலுக்கு மேலே ஒரு மதகு இருக்கிறது. மாரி மழையில் அதன் ஒரு பக்கம் இடிந்து கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஊரார் இரண்டு தென்னங்குற்றியைப் போட்டு மேலே கிறவல் கொட்டி வைத்தார்கள், பால்காரரும் பள்ளிப் பிள்ளைகளும் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் கடந்தார்கள். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளியில் உழவு மெசினை வெள்ளம் இழுத்துப்போய் மதரஸாப் பிள்ளைகள் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. மழை இருட்டினால் எனக்கு இந்த மதகுதான் கண்ணுக்குள் நிற்கும்.

சங்கத்தில் இருந்து மூன்று பேர் கடிதத்தோடு ஏறி இறங்கினோம். ஒரு அலுவலகத்தில், "தம்பி, இது எங்கட லிஸ்ட்ல இல்ல" என்றார்கள். அடுத்ததில், "எஸ்டிமேட் அனுப்பியாச்சு, மினிஸ்ட்ரில இருந்து காசு வரணும்". கூட்டமொன்றுக்கு வந்த அமைச்சரிடம் நேரே கேட்டோம், "அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிவிட்டார். இரண்டு வருடம் இப்படியே போனது. பிறகு தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், உங்கள் ஊரில் அது வேறொன்றாக இருக்கும், வழி ஒன்றுதான்.

முதலில் அது யாருடைய பொறுப்பு என்று பிடியுங்கள், இதில் பிழைத்தால் மிச்சமெல்லாம் வீண். ஏ, பீ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. சீ, டீ வகை மாகாணத்தினுடையவை. உள்வீதிகள் பிரதேச சபை அல்லது மாநகர, நகர சபைக்கு உரியவை. உன்னிச்சை, சேனாநாயக்க சமுத்திரம் மாதிரிப் பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வரும், ஊர்ச் சிறுகுளம் என்றால் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மத்திய சுகாதார அமைச்சு, பிரதேச வைத்தியசாலைகளுக்கு மாகாணம். மத்திய நிறுவனம் என்று தெரிந்துவிட்டால், அது எந்த அமைச்சரின் கீழ் என்பதை அதிவிசேட வர்த்தமானியில் பாருங்கள். ஒவ்வொரு அமைச்சருக்கும் என்னென்ன விடயம், என்னென்ன திணைக்களம், சபை என்று அதில் நிரல் இருக்கும். அமைச்சரவை மாறினால் அதுவும் மாறும், ஆகவே கடைசியாக வந்ததைத்தான் எடுக்க வேண்டும்.

மாகாணத்தினுடையது என்றால் கொழும்பு அமைச்சரைப் பிடித்துப் பெரிய பயனில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்து, அதன்பிறகு பல வருடமாகத் தேர்தலே வைக்கவில்லை. மாகாண அமைச்சர் இல்லாத இடத்தில் கேள்வி ஆளுநருக்கும் திருகோணமலையில் இருக்கிற பிரதம செயலாளருக்கும்தான் போக வேண்டும். எங்கள் மதகு மத்திய அமைச்சொன்றின் பக்கம் வந்தது.

சரி, "அது தனிச் சபை, நான் தலையிட முடியாது" என்று அமைச்சர் சொன்னால்? பாதி சரி. யாருக்கு வேலை கொடுப்பது, எந்தக் கொந்தராத்துக்காரருக்கு டெண்டர் என்பதில் அமைச்சர் கை வைக்கக்கூடாது, கை வைத்ததால்தான் பல சபைகள் இந்த நிலைக்கு வந்தன. ஆனால் பணிப்பாளர் சபையை நியமிப்பது, கொள்கை, பாதீட்டில் காசு கேட்பது, ஆண்டறிக்கையையும் கணக்கையும் பாராளுமன்றத்தில் வைப்பது எல்லாம் அமைச்சரின் பக்கம். அமைச்சின் செயலாளர் அமைச்சரின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் அமையத்தான் தனக்குக் கீழுள்ள திணைக்களங்களையும் நிறுவனங்களையும் மேற்பார்வை செய்கிறார், அரசியலமைப்பின் 52ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. அமைச்சரவை பாராளுமன்றத்துக்குக் கூட்டாகப் பொறுப்புக்கூற வேண்டும் என்பது 42ஆம் உறுப்புரை. பொறியியலாளர் வந்து பார்க்கவில்லை என்பதற்கு நான் அமைச்சரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காசு கேட்டுப்போன கடிதம் அமைச்சின் மேசையில் மாதக்கணக்காகக் கிடந்தால் அதற்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்தக் கடிதம் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஆர்டிஐ. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நாங்கள் முதலில் செய்த பிழை, "மதகை விரைவில் கட்டித் தரும்படி தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதியது. அப்படி எழுதினால் "கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். மதகைக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்: இந்த மதகுக்கு மதிப்பீடு தயாரித்த திகதி, தொகை, மதிப்பீட்டின் பிரதி, அதை அமைச்சுக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி, அமைச்சில் இருந்து வந்த பதிலின் பிரதி, பதில் வரவில்லை என்றால் நினைவூட்டல் அனுப்பிய திகதிகள். இதே கேள்விகளை ஒரே நாளில் நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கும் அமைச்சின் தகவல் அலுவலருக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். ஒருவர் அனுப்பினோம் என்பார், மற்றவர் கிடைக்கவில்லை என்பார், அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் எங்கே நின்றது என்று தெரிந்துவிடும்.

தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கையில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள், தபால் என்றால் பதிவுத்தபால். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கேயும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. உள்நாட்டுக் காசில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டம் என்றால், அது தொடங்க 3 மாதத்துக்கு முன்பே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு விபரம் சொல்ல வேண்டியது அமைச்சரின் கடமை. அதிகாரியின் கடமை என்று எழுதவில்லை, அமைச்சரின் கடமை என்றே எழுதியிருக்கிறது.

தாள்கள் கைக்கு வந்ததும் எம்பியிடம் போங்கள், அதற்கு முன் போகாதீர்கள். மட்டக்களப்பில் 5 பேர், அம்பாறைப் பக்கத் தேர்தல் மாவட்டமான திகாமடுல்லயில் 7 பேர், கட்சி பார்க்காமல் யார் எழுந்து கேட்பார் என்று பாருங்கள். வாய்மொழி விடைக்கான கேள்வி ஒன்றைக் கொடுக்கச் சொல்லுங்கள், கேள்வியை நீங்களே எழுதிக் கொண்டுபோனால் அவருக்கும் லேசு. பாராளுமன்றக் கேள்விக்கு ஒரு வடிவம் இருக்கிறது: (அ) இன்ன திகதியில் இன்ன தொகைக்கான மதிப்பீடு தங்கள் அமைச்சுக்கு அனுப்பப்பட்டது என்பதை அமைச்சர் அறிவாரா? (ஆ) அதற்கு அங்கீகாரம் வழங்கும் திகதியை இச்சபைக்கு அறிவிப்பாரா? (இ) இன்றேல், ஏன்? அந்தக் கடைசி இரண்டு சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். "பரிசீலனையில் உள்ளது" என்று நழுவ விடாமல் பிடித்துவைப்பது அதுதான். அமைச்சர் தவணை கேட்பார், கேட்கட்டும், கேள்வி ஒழுங்குப் பத்திரத்துக்கு ஏறிவிட்டால் எம்பிக்கும் விட மனம் வராது. அமைச்சருடைய ஆலோசனைக் குழுவிலும் இதையே எடுக்கச் சொல்லலாம், அமைச்சர் தலைமையில், அதிகாரிகளும் இருக்கிற இடம் அது.

கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கும் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தைப் பற்றிக் கேட்பீர்கள். போகலாம், பலனும் சிலவேளை உண்டு, ஆனால் அங்கே சொன்ன சொல் காற்றோடு போகும். பாராளுமன்றப் பேச்சைப் பதிகிற ஹன்சாட்டில் ஏறிய சொல் அப்படியே கிடக்கும்.

ஒரு மதகைத் தாண்டி நிறுவனமே காசைச் சீரழிக்கிறது என்றால் கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையை எடுத்துப் படியுங்கள், தமிழிலும் கிடைக்கும். அதை வைத்துத்தான் கோப் குழு, அதாவது பாராளுமன்றத்தின் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு, கேள்வி கேட்கிறது. 1979இல் வந்த குழு அது. அங்கே பொதுவாக அமைச்சரைக் கூப்பிடுவதில்லை, செயலாளரையும் தலைவரையும்தான் கூப்பிடுவார்கள். நம்பிக்கையில்லாப் பிரேரணை என்பது எண்ணிக்கை விளையாட்டு: 2023 செப்டெம்பரில், மருந்துப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த நேரத்திலும், சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்லவுக்கு எதிரான பிரேரணை ஆதரவாக 73, எதிராக 113 என்று தோற்றது. ஊர் மதகுக்கு அந்தப் பாதை வேண்டாம்.

எம்பி கேட்ட எங்கள் கேள்விக்கு அமைச்சரின் பதில் வந்தது. ஒன்றரைப் பக்கம், அதில் நமக்கு வேண்டியது ஒரே வரி: பங்குனிக்குள் வேலை தொடங்கும். எம்பியின் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, அந்த வரிக்குக் கீழே கோடு போட்டு, போட்டோக்கொப்பி எடுத்து வைத்தோம். சித்திரை (ஏப்ரல்) முதல் கிழமை வரை மண் கொத்த ஒருவரும் வரவில்லை. வருடப்பிறப்பு லீவு தொடங்க முதல் அந்தப் பக்கத்தையும் சேர்த்து இரண்டாவது ஆர்டிஐயைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், வைகாசியில் கல் ஏற்றிய லொறி வந்தது.