வகை ஓடும்போதுதான் தெரியுமா? சி ஷார்ப் ஜெனரிக்கில் சறுக்கும் இடங்கள்

தோவாளைச் சந்தையில் பூக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்குக் சி ஷார்ப் மொழியில் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். வரவு, விற்பனை, வண்டி வாடகை என்று தினமும் கோப்புகள் வரும். எது எந்த வகை என்பது முதல் வரியைப் படித்தால்தான் தெரியும். எல்லாவற்றையும் படிக்க ‘படி<டி>’ என்று ஒரே ஜெனரிக் மெத்தட், அதாவது எந்த வகைக்கும் பொருந்தும்படி எழுதிய செயல்பாடு. ‘டி’ இருக்கும் இடத்தில் வகையின் பெயர் வரும்.

கை முதலில் எழுதுவது படி<வகை>(கோப்பு) என்றுதான். கம்பைலர் விடாது. அந்தக் கோணக் குறிக்குள் கம்பைல் செய்யும்போதே தெரிந்த வகைதான் வரலாம். ‘வகை’ என்பது வெறும் மாறி. மூன்றே வகை என்றால் ஒரு ஸ்விட்ச் எழுதிவிட்டுப் போகலாம், அதில் வெட்கமே இல்லை. வகைகள் கூடிக்கொண்டே போனால்தான், ஓடும்போதே மெத்தடைப் பெயரால் தேடிக் கூப்பிட உதவும் ரிஃப்ளெக்‌ஷன்: கெட்மெத்தட் (மெத்தடைத் தேட), மேக்ஜெனரிக்மெத்தட் (அதில் வகையைப் பொருத்த), இன்வோக் (அதைக் கூப்பிட).

கெட்மெத்தடுக்குப் பெயரை மட்டும் கொடுத்தால் பப்ளிக் மெத்தடை மட்டுமே தேடும். பிரைவேட் என்றால் ‘நல்’ (null, அதாவது ஒன்றுமில்லை) தான் கிடைக்கும். சரி என்று நான்பப்ளிக் கொடியை மட்டும் கொடுத்தாலும் நல்தான். கூடவே இன்ஸ்டன்ஸ் அல்லது ஸ்டாட்டிக் வேண்டும். இதில் எனக்கு ஒரு மாலை போனது.

மேக்ஜெனரிக்மெத்தட் கையில் இருக்கும் மெத்தடை மாற்றாது, புதிதாக ஒன்றைத் தரும். அதை வாங்கி வைக்காமல் பழையதையே இன்வோக் செய்தால் இன்வாலிட்ஆப்பரேஷன் எக்செப்ஷன் (ஓடும்போது எழும் பிழை).

பெரிய அடி இன்வோக்கில். ஓண நேரம், கேரளத்துக்குப் பூ போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி போனில், “மக்களே, நேத்து வந்த பிச்சி கணக்குல வரலியே?” என்றார். எடைக் கட்டத்தில் யாரோ 0.5 என்பதற்குப் பதில் ‘அரை’ என்று அடித்திருக்கிறார்கள். அதனால் எழுந்தது ஃபார்மட் எக்செப்ஷன். அதைப் பிடிக்க கேட்ச்சும் வைத்திருந்தேன். ஆனால் இன்வோக் அதை டார்கெட்இன்வொகேஷன் எக்செப்ஷனுக்குள் பொதிந்து அனுப்ப, என் கேட்ச்சில் அது சிக்கவில்லை. வெளியே இருந்த பொதுவான கேட்ச் ஒன்று சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. உண்மையான பிழை இன்னர்எக்செப்ஷனில் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். டாட்நெட் கோர் 2.1 முதல் டூநாட்ராப்எக்செப்ஷன்ஸ் என்ற கொடியைக் கொடுத்தால் பொதியாமலே வரும்.

அப்புறம் வேகம். கோப்புக்கு ஒரு இன்வோக் என்றால் கவலை வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் கூப்பிடுகிறீர்கள் என்றால், கிடைத்த மெத்தடை டெலிகேட்டாக்கி (நேரடியாகக் கூப்பிடக்கூடிய வடிவமாக்கி), வகையைச் சாவியாக வைத்து ஒரு டிக்‌ஷனரியில் போட்டுவிடுங்கள்.