சின்ன காட்டேஜில் பதினோரு பேருக்குப் படுக்கை போடுவது எப்படி?

போடிமெட்டு தாண்டி பூப்பாறை, சூரியநெல்லி பக்கம் ஏலத்தோட்டத்துக்குள் வாடகைக்குக் கிடைக்கும் காட்டேஜ்கள் பலவும் இரண்டு அறை, ஒரு ஹால் அளவுதான். தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேன் பிடித்துப் போகும் குடும்பமோ பத்துப் பேருக்குக் குறையாது. "எங்கேயாவது படுத்துக்கலாம்" என்று கிளம்பிவிட்டால், முட்டிவலிக்காரர் தரையிலும் காலேஜ் பையன் கட்டிலிலும் படுத்திருப்பார்கள். கிளம்பும் முன்பே உட்கார்ந்து யோசித்தால் இது வராது. எத்தனை கட்டில் இருக்கிறது என்று எண்ணுவதை விட, ராத்திரி யார் யார் எழுந்திருப்பார்கள் என்று எண்ணுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

1. போனில் அளவு கேளுங்கள்

அந்தப் பக்கம் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் பலர் தமிழ் பேசுகிறவர்கள்தான். "அண்ணே, ஒரு டேப் வச்சு அளந்து சொல்றீங்களா?" என்று தயங்காமல் கேட்கலாம். ஹால் எத்தனை அடிக்கு எத்தனை அடி, கதவு எந்தப் பக்கம், கட்டிலை நகர்த்த முடியுமா, எந்த பாத்ரூமில் வெஸ்டர்ன் டாய்லெட், தரை டைல்ஸா சிமெண்டா, கூடுதல் மெத்தையும் கம்பளியும் எத்தனை தருவார்கள் என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஆள் கணக்கைக் குழந்தைகளோடு சேர்த்து உண்மையாகச் சொல்லிவிடுங்கள். குறைத்துச் சொன்னால் கம்பளியும் குறைவாகத்தான் வரும்.

2. கட்டம் போட்ட தாளில் வரையுங்கள்

பிள்ளைகளின் கணக்கு நோட்டு போதும். ஒரு கட்டம் ஒரு அடி. பெரியவர் ஒருவருக்கு அகலத்தில் இரண்டரை அடி, நீளத்தில் ஆறு அடி. பத்து வயதுப் பிள்ளைக்கு அகலம் ஒன்றரை அடி.

ஹால் 10க்கு 14 அடி என்று வைத்துக்கொள்வோம். 14 அடிச் சுவர்ப் பக்கம் எல்லோரும் தலை வைத்துப் படுக்கட்டும். அந்தச் சுவரில் கதவுக்கு 3 அடி விட்டால் மிச்சம் 11 அடி. மூன்று பெரியவர்களுக்கு ஏழரை, இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று, ஆகப் பத்தரை அடி. ஐந்து பேர் படுத்தாயிற்று. கால்மாட்டில் மிச்சமிருக்கும் 4 அடி நடக்க வழி. பாத்ரூம் போகிற அந்த வழியில் பையோ செருப்போ எதையும் வைக்கக் கூடாது.

பிள்ளைகள் அதிகம் என்றால் ஒரு வழி உண்டு. ஆறுக்கு ஆறரை அடிக் கட்டிலில் நீளவாக்கில் இரண்டு பெரியவர்கள்தான் வசதியாகப் படுக்கலாம். ஐந்தடிக்குக் குறைவான பிள்ளைகளைக் குறுக்கே படுக்க வைத்தால் அதே கட்டிலில் நாலு பேர். ஓரத்தில் படுக்கிற பிள்ளை விழாமலிருக்க அந்தப் பக்கத்தைச் சுவரோடு ஒட்டுங்கள்.

3. ஆளை அமர்த்துங்கள்

தாத்தா, அப்பத்தா, பெரியப்பா, பெரியம்மா, சித்தப்பா, சித்தி, அண்ணன், அண்ணி, கைக்குழந்தை, அப்புறம் இரண்டு பிள்ளைகள். மொத்தம் பதினோரு பேர்.

பாத்ரூம் உள்ளேயே இருக்கும் அறை தாத்தா அப்பத்தாவுக்கு. ஜன்னல் வழியாக மலை தெரிகிற அறையை அவர்களுக்குக் கொடுக்கத்தான் மனசு வரும். ஆனால் ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பவர்களுக்கு மலையை விட பாத்ரூம்தான் பக்கத்தில் வேண்டும். எழுந்து இறங்கும் பக்கம் யாரையும் தரையில் படுக்க வைக்காதீர்கள். அப்பத்தா எழுந்தால் கை பிடிக்க ஆள் வேண்டும் என்றால், கட்டிலின் மறுபக்கத்தில் பெரியம்மாவுக்கு ஒரு படுக்கை.

இரண்டாவது அறைக் கட்டிலில் அண்ணியும் சித்தியும். குழந்தைக்குக் கட்டில் பக்கத்திலேயே தனித் தொட்டில். பெரியவர்களின் கம்பளிக்கும் தலையணைக்கும் நடுவில் கைக்குழந்தையைப் படுக்க வைத்தால் மூச்சு முட்டும் அபாயம் உண்டு. அதனால் மடக்கி எடுத்துப்போகும் ஸ்டாண்ட் தொட்டிலை வேனில் ஏற்றிவிடுங்கள். உள்ளே கெட்டியான மெத்தை விரித்து, குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, குளிருக்குக் கனத்த சட்டை போட்டால் போதும், கம்பளி வேண்டாம்.

ஹாலில் பெரியப்பா, சித்தப்பா, அண்ணன், பிள்ளைகள். குறட்டை விடுகிறவர் அறைக் கதவிலிருந்து தள்ளி, கடைசியில் படுக்கட்டும். தம்பதிகள் பிரிந்து படுப்பதில் யாருக்காவது வருத்தம் இருக்குமா என்று முன்பே கேட்டுவிடுவது நல்லது. புதுசாகக் கல்யாணமானவர்கள் கூட வந்தால் பக்கத்தில் இன்னொரு அறை எடுத்துக் கொடுங்கள்.

4. தரைப் படுக்கைக்குக் கீழேதான் கனம் வேண்டும்

டிசம்பர், ஜனவரியில் மூணாறு சுற்றுவட்டாரத்தில் சில இடங்களில் பூஜ்யம் டிகிரி வரைகூட இறங்கும். மே மாசத்திலும் ராத்திரி குளிர் இருக்கும். எல்லோரும் மேலே போர்த்தத்தான் கம்பளி தேடுவார்கள். உடம்புச் சூட்டை உறிஞ்சுவதோ கீழே இருக்கும் சிமெண்ட் தரை. மெத்தை உடம்புப் பாரத்தில் அமுங்கிவிடும், அதனால் அது மட்டும் தடுக்காது. முதலில் ஈரம் ஏறாமல் ஒரு தார்ப்பாய். அதன்மேல் கோரைப்பாய், இரண்டாக மடித்த ஜமுக்காளம், பிறகு மெத்தை. யோகா மேட் இருந்தால் ஜமுக்காளத்துக்குப் பதில் அதைப் போடலாம், இன்னும் நல்லது. ஆளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு குல்லா கட்டாயம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. சூட்டுக்காகக் கரி அடுப்பையோ தணல் சட்டியையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். நெருப்பு வாசலில் இருக்கட்டும். ஹாலில் ஐந்து பேர் மூச்சு விடுவதால், எவ்வளவு குளிரானாலும் ஒரு ஜன்னலை விரல்கடை அளவு திறந்தே வையுங்கள்.

5. படுக்கும் முன்

மழைக்காற்றில் கரண்ட் போகலாம். தாத்தா தலைமாட்டில் ஒரு டார்ச், பாத்ரூம் வாசலில் பேட்டரி விளக்கு. மாத்திரை, தண்ணீர் சொம்பு, மூக்குக் கண்ணாடி எல்லாம் அவரவர் கைக்கு எட்டும் இடத்தில். பிள்ளைகளை ஒருமுறை பாத்ரூம் போய்வரச் சொல்லிவிட்டுப் படுக்க வையுங்கள்.

6. காலையில்

ஹால் படுக்கைதான் முதலில் எழ வேண்டும், காபி போட்டு உட்கார வேறு இடமில்லை. தார்ப்பாயின் அடியில் ஈரம் கோத்திருக்கும். துடைத்து வெயில் வந்ததும் வராந்தாக் கம்பியில் போடுங்கள். அப்படியே சுருட்டி வைத்தால் அடுத்த ராத்திரி பாயும் ஜமுக்காளமும் சேர்ந்து நாறும்.